முப்பது கால் ஜோடி

மூக்கணாங்குளத்துக்காரர்களுக்கு மாடு வாங்கத் தெரியும். அந்த விஷயத்தில் அவர்களை மிஞ்ச ஏழு தாலுகாவில் ஆள் கிடையாது. கஷ்டம் என்னவென்றால், அவர்களுக்கு வேறு எதுவும் வாங்கத் தெரியாது. ஆகவே எதை வாங்கினாலும் மாடு வாங்குகிற மாதிரியே வாங்குவார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு பீரோ வாங்கப் போனபோது கதவைத் திறந்து பல் பார்த்தார்கள். பல் இல்லை. "கிழடு" என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்டார்கள். பஞ்சாயத்து ஆபீசுக்கு மின்விசிறி வாங்கினபோது, ஒற்றையாக வாங்கினால் ஏங்கிப்போகும் என்று ரெண்டாக வாங்கினார்கள். ஆபீசில் கொக்கி ஒன்றுதான் இருந்தது. இன்னொரு விசிறி இன்றைக்கும் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மேலே ஓடுகிற ஜோடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஊரில் கவலைப்படுகிறவர் யாரும் இல்லாததால், முப்புடாதி ஊருக்கும் சேர்த்து ஒற்றை ஆளாகக் கவலைப்பட்டு வந்தாள். மழை வந்தால் முற்றத்தில் காய்கிற வத்தல் நனைந்துவிடுமே என்று கவலை. வெயில் அடித்தால் மழை வராமலே போய்விடுமோ என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், ஊர்த் தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிந்து நேராக அவள் முற்றத்துக்குத்தான் வரும். வத்தல் எப்படியும் நனைந்துவிடும். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவன் பஸ் ஏறினால் பஸ் கவிழுமோ என்றும், ஏறாவிட்டால் வேலை போய்விடுமோ என்றும் நினைத்து நினைத்து அவளுக்கு நெற்றியில் மூன்று கோடு விழுந்திருந்தது.

அந்த வாரம் அவளுக்கு நிஜமாகவே கவலைப்பட ஒரு காரணம் கிடைத்தது.

ஒரே மகள் ஆவுடைச்செல்வி டவுனில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். கடைசி வருஷம். தொட்டி நிறைந்ததும் கூவுகிற ஒரு கருவியைச் செய்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாத்தியாருக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். கருவிக்கு வேண்டிய ப்ரோகிராம் லேப்டாப்பில் தயாராக இருந்தது. அந்த ப்ரோகிராமைத் தாங்குகிற போர்டைத்தான் இன்னும் வாங்கவில்லை. அதை வாங்கக் கிளம்பின வெள்ளிக்கிழமை அவளுக்கு அம்மை போட்டுவிட்டது.

வேப்பிலைப் படுக்கையை விட்டு அவள் எழுந்திருக்க முடியாது. ஊர்க்காரர்களை விட்டால் வாங்கி வர வேறு ஆளில்லை. செல்வி தன் ஊர்க்காரர்களை அறிந்தவள். ஆகையால் ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்கோ. உள்ளங்கை அகலத்துல ஒரு போர்டு. கடையில மூணு நாலு வகை காட்டுவாங்க. பெருசா ஒண்ணு இருக்கும், முழுக் கம்ப்யூட்டர் மாதிரி. அது நமக்கு வேண்டாம். தொட்டி நிறைஞ்சுதா இல்லையான்னு பாக்கதுக்கு அவ்வளவு மூளை எதுக்கு? கரண்ட் கொஞ்சமா எடுக்கணும். சுவிட்சைப் போட்ட உடனே வேலையை ஆரம்பிக்கணும். ஓரத்துல கம்பி கம்பியா நிக்கிற கால் எல்லாம் பத்தவச்சே இருக்கணும். கூட ஒரு மிதவையும், கூவுறதுக்கு ஒரு பஸ்ஸரும் கேளு. எல்லாம் வேலை செய்யுதான்னு கடையிலேயே பாத்து வாங்கு."

"சரிட்டி."

"அதோட காலைத் தொடாதீங்க. ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கொண்டு வரணும். ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது."

"படாதுட்டி."

போர்டோடு பெட்டிக்குள்ளேயே ஒரு கேபிள் இருக்கும். அதைப் பற்றி செல்வி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருக்கிறதை யாராவது வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டு வருவார்களா என்று நினைத்திருப்பாள். ஊர்க்காரர்களை அவள் அறிந்தது அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் முப்புடாதி கிளம்பினாள். அம்மை கண்ட வீட்டிலிருந்து யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்பார்கள். கடை வீடு இல்லை, ஆகையால் போகலாம் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். துணைக்கு அண்ணன் மாடக்கண்ணு வந்தார். மாட்டுத் தரகர், முப்பது வருஷ அனுபவம். தம்பி கொம்பையாவும் வந்தான். அவனுக்கு அனுபவம் கிடையாது, ஆனால் எல்லாவற்றையும் பற்றி ஒரு அபிப்பிராயம் இருந்தது.

பஸ்ஸில் போகும்போதே கொம்பையா ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, எனக்கு ஒண்ணு விளங்கலை. அந்தச் சாமானுக்குத் தண்ணி ஆகாது. சரி. ஆனா அதைத் தண்ணித் தொட்டிக்குக் காவல் வைக்கப் போறோம். இது எப்படிச் சரியா வரும்?"

முப்புடாதிக்கு உடனே அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. அண்ணனைப் பார்த்தாள். மாடக்கண்ணு கண்ணை மூடி ரெண்டு மைல் தூரம் யோசித்தார்.

"எலே, தென்னந்தோப்புக்குக் காவல் போடணும்னா யாரைப் போடுவே? தேங்கா பிடிக்காதவனைத்தானே போடணும்?"

"ஆமா."

"அப்ப தண்ணிக்குத் தண்ணி ஆகாததைத்தான் போடணும். எம் மருமக படிச்சவ."

கொம்பையா ஒப்புக்கொண்டான். முப்புடாதிக்கும் கலக்கம் நின்றது.

டவுனில் ஒரு சந்துக்குள் மாடிப்படி ஏறிப் போனால் செய்யது பாயின் கடை. பாய் நல்ல மனுஷர். கேட்டதைப் புரிந்துகொண்டு கண்ணாடி மேசைமேல் மூன்று போர்டை எடுத்து வைத்தார். மாடக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேசையைச் சுற்றி வரப் பார்த்தார். மேசை சுவரோடு ஒட்டி இருந்தது.

"பாய், இதுகளை மந்தைக்குக் கொண்டு வாங்க. நாலு பக்கமும் பாக்கணும்."

பாய் ஒரு ஸ்டூலைக் கடை நடுவில் போட்டு மூன்றையும் அதன்மேல் வைத்தார். மூன்று பேரும் ஸ்டூலை இடமிருந்து வலமாக ஒரு சுற்று, வலமிருந்து இடமாக ஒரு சுற்று வந்தார்கள்.

"பெருசுக்கு எத்தனை கால்?"

"நாப்பது, அண்ணாச்சி."

"இதுக்கு?"

"முப்பது."

"அந்தக் கடைசில இருக்கதுக்கு?"

"அதுக்குக் காலு தனியா பாக்கெட்டுல வரும். நாமதான் பத்தவைக்கணும்."

கொம்பையா உச்சுக்கொட்டினான். "காலைக் கழட்டி வச்சு விக்காங்க அண்ணே. நொண்டி."

"நொண்டி இல்லலே, கன்னு. இன்னும் கால் இறங்கலை." மாடக்கண்ணு பெரிய போர்டுக்குத் திரும்பினார். "இது எப்படி பாய், நல்லாத் தின்னுமோ?"

"கரண்ட்டா? நல்லாவே தின்னும். பேட்டரியில போட்டா ஒரு நாள் தாங்காது."

"எழுப்பினா உடனே எழும்புமா?"

"எழும்ப முக்கால் நிமிஷம் ஆகும். நிறுத்தும்போதும் முறையாச் சொல்லி நிறுத்தணும். சட்டுனு பிடுங்கினா உள்ள கோளாறாயிடும்."

"கோவக்கார ஜாதி," என்றார் மாடக்கண்ணு. ஓட்டிக் காட்டச் சொல்லி, புறங்கையை அதன் நெற்றிக்கு நேராகக் காட்டினார். "உடம்பும் காயுது."

"ஆமா அண்ணாச்சி, வேலை செய்யச் செய்யச் சூடாகும்."

"நின்னு தின்னுது, எழுப்பினா எழும்ப மாட்டேங்குது, காய்ச்சலும் இருக்கு. இதை எவன் தலையிலயாவது கட்டுங்க பாய், எங்களுக்கு வேண்டாம். இந்த முப்பது கால் எப்படி?"

"இது கொஞ்சமாத்தான் எடுக்கும். கரண்ட் குடுத்த உடனே எழும்பும். ஒரு வேலையைச் சொல்லிட்டா வருஷக்கணக்கா அதையேதான் செஞ்சுகிட்டு இருக்கும்."

முப்புடாதி அதுவரை பேசவில்லை. இப்போது முன்னால் வந்தாள்.

"முட்டுமா?"

பாய் ஒரு நிமிஷம் யோசித்தார். நேர்மையான மனுஷர். "இது வரைக்கும் முட்டினது இல்லம்மா," என்றார்.

பாய் கடை திறந்து எட்டு வருஷம் ஆகிறது. கல்லூரிப் பிள்ளைகள் வந்து, போனில் பார்த்த பெயரைச் சொல்லி, பெரியதைத் தூக்கிக்கொண்டு போவார்கள்; கொசு விரட்டுகிற வேலைக்கு யானையை வாங்கிக்கொண்டு போவார்கள். எவ்வளவு தின்னும், எவ்வளவு நேரத்தில் எழும்பும், சூடாகுமா என்று முறையாகக் கேட்டு வாங்குகிற ஆட்களை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"அண்ணாச்சி ரொம்ப நாளா இந்தத் தொழில்ல இருக்கீங்களோ?"

"முப்பது வருஷம். எங்க அப்பா, தாத்தா எல்லாம் இதேதான்."

பாய் எழுந்து நின்றார். மூன்று டீ சொன்னார்.

டீ குடித்துக்கொண்டே மாடக்கண்ணு சுழி பார்த்தார். போர்டின் நாலு மூலையிலும் ஆணி போட நாலு ஓட்டை இருந்தது. "நாலு மூலையிலயும் நாலு சுழி. குத்தமில்லை. நடுமுதுகுல ஒண்ணு இருந்துச்சுன்னா வாங்குறவன் குடும்பம் விளங்காது." பாய் ஒரு காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

பிறகு பாய் பெட்டியிலிருந்து கேபிளை எடுத்துச் சொருகிக் காட்டினார். போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன நீல விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"கண்ணு சிமிட்டுது பாருங்க அண்ணே," என்றாள் முப்புடாதி. "தெளிஞ்ச கண்ணு."

"இதே நிறத்துல, இதே உசரத்துல இன்னொண்ணு எடுங்க பாய். ஒத்தையா வாங்க மாட்டோம்," என்றார் மாடக்கண்ணு.

"கெட்டிக்காரத்தனம் அண்ணாச்சி. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு கைவசம் இருக்கும்."

"போச்சுன்னா எங்க போகும்?" என்று முப்புடாதி கேட்டாள். அதற்குள் நெற்றியில் நாலாவது கோடு விழுந்துவிட்டது.

விலை பெட்டியிலேயே ஒட்டியிருந்தது. இருந்தாலும், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற சந்தை முறையை மாடக்கண்ணு விடவில்லை. துண்டை எடுத்து பாயின் கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை விட்டு, பாயின் மூன்று விரலைப் பிடித்து அழுத்தினார். இந்தத் தொழிலில் மூத்தவர்கள் இப்படித்தான் ஆசீர்வாதம் பண்ணுவார்கள் போலிருக்கிறது என்று பாய் நினைத்தார். தன் ரெண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பத்து விரலையும் மொத்தமாகக் கொடுக்கிற வியாபாரியை மாடக்கண்ணு எந்தச் சந்தையிலும் கண்டதில்லை. மேற்கொண்டு பேசாமல் பெட்டியில் இருந்த விலையையே கொடுத்துவிட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பாய் மிதவையையும் பஸ்ஸரையும் ஒரு பையில் போட்டு முப்புடாதியிடம் கொடுத்துவிட்டு, ரெண்டு போர்டையும் ரெண்டு பெட்டியில் வைத்து நீட்டினார். மாடக்கண்ணு பெட்டியைத் திறந்தார். ரெண்டு கேபிளையும் வெளியே எடுத்தார். அழகாகச் சுருட்டி, கண்ணில் ஒற்றி, பாயின் உள்ளங்கையில் வைத்தார்.

மாட்டைத்தான் விற்பார்கள், பிடிகயிற்றை யாரும் விற்கமாட்டார்கள். விற்கிறவன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்வான். வாங்குகிறவன் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டிக் கூட்டிப்போவான். விற்கிறவன் தொழுவத்து லட்சுமி அந்தப் பழைய கயிற்றில்தான் இருக்கிறாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும், பாய். எடுத்துட்டுப் போனா உங்க கடை விருத்தியாகாது. நாங்க புதுசு கொண்டாந்திருக்கோம்."

பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷ அனுபவம். நல்லதாக ஒரு கேபிள் சொந்தமாக வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். முப்புடாதி மடியிலிருந்து புதுத் தேங்காய்நார்க் கயிற்றை எடுத்தாள். கொம்பையா அதை ஒரு ஓட்டை வழியாக விட்டு, கால் எதிலும் படாமல், ரெண்டு போர்டையும் சேர்த்துக் கட்டினான்.

ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று செல்வி சொல்லியிருந்தாள். பெட்டிக்குள் இருந்தால் ஓரத்தைப் பிடிக்க முடியாது. ஆகையால் பெட்டிகளைக் கடையிலேயே கொடுத்துவிட்டு, அண்ணன் ஒன்றும் தம்பி ஒன்றுமாக ரெண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. பஸ் பிரேக் போட்டால் முன்னால் இருந்தவர்கள் மேலும், கிளம்பினால் பின்னால் இருந்தவர்கள் மேலும் விழுந்தார்கள். முப்புடாதி ஒரு கையால் அண்ணன் இடுப்பையும் இன்னொரு கையால் தம்பி இடுப்பையும் பிடித்துக்கொண்டாள். அவளை முன்பின் தெரியாத ஒரு பூக்காரம்மா பிடித்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்ததும் புதுசாக வந்ததற்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர் படக்கூடாது. வாசலிலேயே நின்று அரை மணி நேரம் யோசித்து, மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்து ஓரத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்தார்கள்.

செல்வி படுக்கையிலிருந்தே எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"யம்மா! இதேதான்! நானே போயிருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன். எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

"பாத்தாலே தெரியாதா?" என்றார் மாடக்கண்ணு.

"ஸ்பேர் வேற வாங்கியிருக்கீங்க! கேபிளை எடுங்க, இப்பவே ஏத்திருதேன்."

மாடக்கண்ணு தேங்காய்நார்க் கயிற்றின் முனையை எடுத்து நீட்டினார்.

"கேபிள் எங்கம்மா?"

"கயிறா? அது விக்கிறவருக்குல்லா."

செல்வி படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். அம்மை முத்து எல்லாம் சிவந்தது. "அம்மா, அது கயிறு இல்ல. நான் லேப்டாப்புல எழுதினதை அதுக்குள்ள கொண்டுபோற வழி அது. அது இல்லாம இது வெறும் வில்லை."

பாய் கடைக்குப் போன் போட்டார்கள். கடை அடைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. திங்கட்கிழமை பத்தரைக்குத்தான் திறப்பார். செல்வியின் பரீட்சை பத்து மணிக்கு.

முப்புடாதி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வருஷம் போச்சே. நான் எல்லாத்துக்கும் கவலைப்பட்டேன். கயித்துக்குக் கவலைப்படலையே."

"திறந்திருந்தாலும் கேக்க முடியாது," என்றார் மாடக்கண்ணு. "குடுத்த கயித்தைத் திருப்பிக் கேட்டவன் ஏழு தலைமுறைக்கு மாடு வாங்க முடியாது."

"அப்ப வேற கயிறு பாப்போம்," என்றான் கொம்பையா. "ஊர்ல எத்தனை போன் இருக்கு? எல்லாத்துக்கும் ஒரு கயிறு இருக்குமே."

கொம்பையாவின் அபிப்பிராயங்களில் சரியாக இருந்தது இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை மூக்கணாங்குளமே கையில் கேபிளோடு முப்புடாதி வீட்டு வாசலில் வரிசையில் நின்றது. ஒருவர் கிணற்றுக் கயிற்றைக் கொண்டு வந்திருந்தார். தடியாக இருந்தால் நிறையப் போகும் என்றார். முப்புடாதி ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினாள். பாதிக்கு மேல் வாய் பொருந்தவில்லை. பொருந்தியதில் விளக்கு எரிந்தது, லேப்டாப் மட்டும் ஒன்றும் பேசவில்லை.

"இதெல்லாம் சார்ஜ் ஏத்த மட்டும் செஞ்சது," என்றாள் செல்வி. "சோறு கொண்டுபோகும். சொல்லைக் கொண்டுபோகாது."

"சோறு போடும், ஆனா பேசாது," என்று மாடக்கண்ணு தலையை ஆட்டினார். "எங்க மாமனார் வீடு மாதிரி."

முப்பத்தோராவது கேபிளும் சோறு மட்டும்தான் போட்டது. வரிசை கலைந்தது. முப்புடாதி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். செல்வி முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வேலியோரம் கொம்பையாவின் கன்றுக்குட்டி நின்றுகொண்டிருந்தது.

"மாமா, கன்னுக்குட்டி கழுத்துல கறுப்பா என்ன அது?"

"அதுவா? முந்தி ஒரு போன் வச்சிருந்தேம்லா, அதோட வந்தது. போனு செத்துப்போச்சு. கயிறு கெட்டி. பாத்தியா, அந்துபோகவே இல்ல."

ஒரு நிமிஷம் எல்லோரும் கன்றுக்குட்டியைப் பார்த்தார்கள். கன்றுக்குட்டியும் எல்லோரையும் பார்த்தது. பிறகு மூன்று பேர் அதன்மேல் விழுந்தார்கள்.

நடுவில் கொஞ்சம் மென்றிருந்தது. ஆனால் ரெண்டு முனையும் நன்றாக இருந்தது. சொருகியதும் லேப்டாப் 'டிங்' என்றது. செல்வி எழுதியதெல்லாம் வரிவரியாகப் போர்டுக்குள் போயிற்று. அதற்குள் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி கத்தரிப் பாத்திக்குள் போய்விட்டது. முப்புடாதி ஓடிப்போய், போர்டைக் கட்டியிருந்த புதுத் தேங்காய்நார்க் கயிற்றை எடுத்து அதைக் கட்டினாள். கன்றுக்குட்டிக்குக் கயிறும் கருவிக்குக் கேபிளும் கிடைத்தது. இப்படி எல்லாம் அததன் இடத்தில் இருப்பது மூக்கணாங்குளத்தில் அபூர்வம் என்பதால் ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, செல்விக்கு அம்மை என்பதால் வாத்தியார் எபனேசர் சார் போனில் முகம் காட்டினார். செல்வி படுக்கையில் இருந்தாள். கொம்பையா போனோடு தொட்டி மேல் இருந்தான். மிதவை தொட்டிக்குள், போர்டு வெளியே ஒரு டப்பாவுக்குள், மென்ற கேபிள் வழியாகக் கரண்ட். கீழே மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாடக்கண்ணு. "கூவினதும் நிறுத்தணும் மாமா," என்று செல்வி பத்துத் தடவை சொல்லியிருந்தாள்.

தண்ணீர் ஏறியது. முப்புடாதி முற்றத்தில் நின்று, ஏறுமோ ஏறாதோ என்று கவலைப்பட்டாள். ஏறியதும், கூவுமோ கூவாதோ என்று கவலைப்பட்டாள்.

மிதவை மேலே வந்தது. பஸ்ஸர் கூவியது. கணீரென்று, விடாமல் கூவியது. ஊரே கைதட்டியது.

மாடக்கண்ணு சுவிட்சில் கைவைத்தபடி நின்றார். நிறுத்தவில்லை.

"அண்ணே, நிறுத்துங்க!" என்று முப்புடாதி கத்தினாள். தண்ணீர் வழிந்து அவள் கணுக்கால்வரை வந்துவிட்டது.

"கூவினதும்னுதானே சொன்னா? இன்னும் கூவிக்கிட்டுல்லா இருக்கு. முடிக்கட்டும்."

அது முடிக்காது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் வழிகிறவரை கூவும். கூவுகிறவரை அவர் நிறுத்த மாட்டார். போனுக்குள்ளிருந்து எபனேசர் சார், "மோட்டாரை நிறுத்துங்க! யாராவது மோட்டாரை நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் கரண்ட் போய், மோட்டாரும் பஸ்ஸரும் ஒன்றாக நின்றன. "பாத்தியா, முடிச்சுட்டு," என்று மாடக்கண்ணு சுவிட்சை முறைப்படி நிறுத்தினார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கருவி தன் வேலையைச் சரியாச் செஞ்சிருக்கும்மா," என்று செல்வியிடம் சொன்னார். "மத்தவங்க வேலைக்கு நான் மார்க் போடறதில்லை. வியாழக்கிழமைக்குள்ள இதை டிபார்ட்மென்ட்ல ஒப்படைச்சிடு. ஒப்படைச்சாத்தான் பாஸ்."

வியாழக்கிழமைக்குள் அம்மை இறங்கி செல்விக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடியாது. ஆகவே மறுபடியும் முப்புடாதிதான் அண்ணனோடும் தம்பியோடும் போக வேண்டும். இந்தத் தடவை செல்வி எதையும் விடவில்லை.

"அம்மா, கேபிளை மறக்காம எடுத்துட்டுப் போ."

"எடுத்துட்டுப் போறேன்."

"எங்கேயும் விட்டுட்டு வந்துராத."

"உயிரே போனாலும் விட்டுட்டு வர மாட்டேன்."

முப்புடாதி கேபிளை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் நாற்பது தடவை தொட்டுப் பார்த்தாள்.

டிபார்ட்மென்ட்டில் எபனேசர் சார் ரெண்டு போர்டைப் பார்த்து, "ஒண்ணு போதுமே," என்றார்.

"ஜோடி சார்," என்றார் மாடக்கண்ணு. "பிரிக்கக் கூடாது."

சார் வாதம் பண்ணவில்லை. தொட்டி நிறைந்ததைப் பார்த்தவர் அவர். நோட்டை எடுத்து ஆவுடைச்செல்வி என்ற பெயருக்கு நேரே 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்புடாதியின் நெற்றியில் இருந்த நாலு கோடும் ஒன்றாக மறைந்தன.

"கேபிள் கொண்டு வந்திருக்கீங்களா அம்மா?"

"கொண்டு வந்திருக்கேன் சார்." மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

சார் கையை நீட்டினார். முப்புடாதி தன் கையை இழுத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போகச் சொன்னா, எடுத்துட்டு வந்திருக்கேன். விட்டுட்டு வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கா. அதோட, இப்ப குடுக்கிறது நாங்கல்லா சார்? கயிறு எங்களுக்குத்தானே."

சார் அவளைப் பார்த்தார். மாடக்கண்ணுவைப் பார்த்தார். மாடக்கண்ணு, படித்தவர்களுக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பரிதாபமாகப் பார்த்தார்.

"அக்கா, சார் கயிறு கொண்டாராம வந்திருக்காரு போல," என்று கொம்பையா மெதுவாகச் சொன்னான்.

முப்புடாதிக்கு மனசு கேட்கவில்லை. மகளைப் பாஸ் ஆக்கிய மனுஷர். மடியிலிருந்து ஒரு புதுத் தேங்காய்நார்க் கயிற்றை எடுத்து, ரெண்டு போர்டையும் ஓட்டை வழியாகச் சேர்த்துக் கட்டி, மறு முனையை அவர் கையில் பயபக்தியோடு கொடுத்தாள். எபனேசர் சாருக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார். ரெண்டு போர்டும் சிமெண்டுத் தரையில் கடகடவென்று அவர் பின்னாலேயே போயின.

"மெதுவாக் கூட்டிட்டுப் போங்க சார்!" என்று முப்புடாதி பின்னாலிருந்து சத்தம் போட்டாள். அவள் முகத்தில் பழைய கவலை திரும்பியிருந்தது. "புது இடம். ரெண்டு நாளைக்குத் தீவனம் எடுக்காது. பயந்துராதீங்க!"